கார்பன் சந்தை: விலையைவிட உபரியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார்பன் சந்தை பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரு டன்னின் விலையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சந்தை நிலைக்குமா என்பது புழக்கத்தில் எத்தனை உமிழ்வு உரிமங்கள் மிஞ்சிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஓர் உரிமம் என்பது ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட ஆலைக்குக் கிடைக்கும் அனுமதி; அவற்றை வாங்கி விற்கும் ஏற்பாடே கார்பன் சந்தை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தன் கார்பன் சந்தையைத் தொடங்கியபோது ஆலைகளின் உமிழ்வு முன்கூட்டி அளந்து சரிபார்க்கப்படவில்லை; மதிப்பீட்டை நம்பியே உரிமங்கள், அதுவும் பெரும்பாலும் இலவசமாக, வழங்கப்பட்டன. 2006 ஏப்ரலில் சரிபார்த்த கணக்கு வெளியானதும் உபரி அம்பலமானது. சில நாட்களிலேயே விலை ஏறக்குறைய பாதியானது. அந்த உரிமங்களை 2008க்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதால் 2007 இறுதியில் அவை செல்லாக்காசாயின. பாடம் கற்க அவர்களுக்கே பல ஆண்டுகள் ஆயின. 2019 முதல்தான் உபரி 83.3 கோடியைத் தாண்டினால் ஏலத்துக்கு வரும் உரிமங்களில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படுகிறது. 40 கோடிக்குக் கீழே போனால் 10 கோடி திரும்ப விடப்படுகிறது. 2023 பிப்ரவரியில் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தாண்டியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

மொத்த உமிழ்வுக்கு வரம்பு வைக்காமல், உற்பத்தி அலகுக்கு இவ்வளவு என்று அளவிடும் சந்தைகளில் வேறொரு ஓட்டை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன் சிமென்டுக்கு 0.80 டன் கரியமில வாயு என்பது இலக்கு; அதற்கேற்ப உரிமம் கிடைக்கும். ஆலை வெளியிடுவது 0.78. உற்பத்தி 10 லட்சம் டன் என்றால் 20,000 உரிமம் மிச்சம். மறு ஆண்டு உற்பத்தி 12 லட்சமாகிறது. உமிழ்வு 7.8 லட்சத்திலிருந்து 9.36 லட்சம் டன்னாக ஏறிவிட்டது. ஆனாலும் விற்பதற்கு 24,000 உரிமம் கையில் இருக்கும்! 2021 ஜூலையில் மின் துறையோடு வணிகம் தொடங்கிய சீனச் சந்தை இந்த வகைதான். உமிழ்வு ஓரளவு நிலைபெற்ற துறைகளில் 2027 முதல் மொத்த வரம்பு கொண்டுவரப்போவதாக 2025இல் அந்நாடு அறிவித்திருப்பதை, விலை ஏற்ற இறக்கங்களைவிட முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன்.

அபராத விதியையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் உமிழ்வுக்கு ஈடாக ஒப்படைக்கும் உரிமம் குறைந்தால் டன்னுக்கு 100 யூரோவும் அதற்குமேல் பணவீக்கத்துக்கேற்ற உயர்வும் கட்ட வேண்டும். குறைந்த உரிமத்தையும் பிறகு ஒப்படைத்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாத சந்தையில் அபராதத் தொகைக்கு மேல் எந்த ஆலையும் உரிமம் வாங்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்