அந்தக் கைதட்டலை ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்கள், அதாவது ஏற்கெனவே புகழ்பெற்ற பாடல்களைக் கோத்து உருவாக்கும் இசை நாடகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குவீன் இசைக்குழுவின் பாடல்களைக் கோத்து உருவாக்கிய ‘வி வில் ராக் யூ’ நாடகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், கதை சுமார், வசனம் சுமார், ஜனங்கள் கைதட்டியதெல்லாம் பழைய பாட்டுகள் மேலிருந்த பாசத்தில்தான் என்று முடித்துவிட்டார். கதையைப் பற்றி அவர் சொன்னது சரி. கைதட்டலைப் பற்றிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

இசைக்கருவிகளே தடைசெய்யப்பட்ட எதிர்கால உலகம், அதை ஆளும் கில்லர் குவீன் என்ற ராணி, கலகம் செய்யும் கலிலியோ என்ற இளைஞன். பென் எல்டன் எழுதிய இந்தக் கதையை 2002-இல் லண்டன் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் லண்டனின் டொமினியன் அரங்கில் அது 2014 வரை 12 ஆண்டுகள் ஓடியது. 2011-இல் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒலிவியர் நாடக விருதும் கிடைத்தது. பாசம் மட்டுமே போதும் என்றால் அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் பாடல்களுக்கு என்ன குறை? அவற்றை வைத்து 2005 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கிய ‘குட் வைப்ரேஷன்ஸ்’ ஏப்ரலிலேயே மூடப்பட்டது.

குவீன் பாட்டுகள் பிறந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1977-இல் ஸ்டாஃபோர்டு ஊரின் பிங்லி ஹாலில் கச்சேரி முடிந்து குழுவினர் மேடையை விட்டு இறங்கிய பிறகும், கூட்டம் கலையாமல் தானாகவே பாடிக்கொண்டிருந்தது. நெருக்கியடித்து நிற்கும் ஜனங்களால் என்னென்ன செய்ய முடியும் என்று கிட்டார் கலைஞர் பிரையன் மே யோசித்தார். காலால் தரையை உதைக்கலாம், கைதட்டலாம், பாடலாம். நாடகத்துக்குப் பெயர் தந்த பாட்டு அந்த யோசனையில்தான் பிறந்தது. இரண்டு உதை, ஒரு தட்டல். ரசிகர்களுக்கென்றே ஒரு பங்கை ஒதுக்கி வைத்து எழுதிய பாட்டு அது. அரங்கில் இரண்டாயிரம் பேர் சேர்ந்து தரையை உதைக்கும்போது நாற்காலி அதிர்வதை நானே உணர்ந்திருக்கிறேன். அந்த அதிர்வு இல்லாவிட்டால் பாட்டு பாதிதான். இதைப் பழைய நினைவில் மயங்குவது என்று எப்படிச் சொல்வது?

கைதட்டியவர்களுக்கு அமைதியாக இருக்கவும் தெரியும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. கைவிடப்பட்ட டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ரயில் நிலையத்தில் கலகக்காரர்கள் ஒளிந்திருக்கும் காட்சி ஒன்று வரும். நிஜத்தில் அந்த நிலையம் அரங்கத்தின் வாசலிலேயே இருப்பதால் லண்டன்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் இளம் வயதில் இறந்துபோன இசைக்கலைஞர்களை நினைத்து ஒரு பாட்டு. குவீன் பாடகர் ஃபிரெடி மெர்குரி மறைந்த பிறகு பிரையன் மே எழுதியது. நான் பார்த்த அன்று ஒருவர்கூட உடன் பாடவில்லை. அருகில் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கே சேர்ந்து பாடுவது, எங்கே கேட்பது என்று யாரும் அவர்களுக்கு அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்லவில்லை.

இப்போது மற்ற இசை நாடகங்களில் நடிகரின் குரலையே அமுக்கும்படி சிலர் கத்திப் பாடுவது உண்மை. 2023-இல் மான்செஸ்டரில் ‘தி பாடிகார்டு’ நாடகத்தை நிறுத்திப் போலீசைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் காட்டி எல்லா ரசிகர்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? நடிகர்கள் வணங்கி முடித்த பிறகு, குவீனின் புகழ்பெற்ற பாட்டான ‘போஹீமியன் ராப்சடி’ வேண்டுமா என்று திரையில் கேட்டு, ஜனங்கள் ஆமாம் என்று கத்திய பிறகே அதைப் பாடிய நாடகம் இது. ரசிகர்களின் குரலுக்கு இடம் விட்டே இதை அமைத்திருந்தார்கள்.

அடுத்த முறை இப்படியொரு நாடகத்துக்கு விமர்சனம் வெளியிடும்போது, மேடையில் நடந்ததோடு நிறுத்தாமல், எந்தப் பாட்டுக்கு அரங்கம் எழுந்தது, எதற்கு அடங்கியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், லண்டன்