ஒரு பவுடர் டப்பா விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமென்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் எதைப் போட்டாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் தலையில் நரை எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்கிறார். கடை பரவாயில்லை. குண்டு ராஜூ மறுபடி வாக்கிங் ஆரம்பித்திருக்கிறான். யானைக்கல் டீக்கடை வரை வருகிறான். அதற்கு மேல் ரோடு சரியில்லையாம்.

விஷயம் நம்ம மீனா. பிளஸ் டூ படிக்கிறாள், 800 மீட்டர் ஓடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டாள். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அடுப்படி ஸ்லாப்பில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. லேபிளைக் கிழித்திருக்கிறார்கள், பசை மட்டும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடியில் நீல மையில் 'காலை 2, மாலை 1' என்று எழுதியிருக்கிறது. "என்னடி இது?" என்றேன். "பவுடர் மாமா. மாஸ்டர் குடுத்தாரு. எல்லாரும்தான் குடிக்கிறாங்க" என்றாள். அந்த மாஸ்டர் மைதானத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் இல்லை, தானாக வந்து பழக்குகிறவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நாலு பிள்ளைகளைக் காலேஜுக்குள் தள்ளிவிட்டவர் என்று பெயர். அக்காவுக்கு அவர் சாமி மாதிரி.

அது வெறும் சத்து மாவாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை மாப்ளே. கோமதிதான் கண்ணுக்குள் நின்றார்.

2019-ல் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சிக்காரப் பெண் கோமதி மாரிமுத்து 800 மீட்டரில் தங்கம் வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? காலுக்கொரு நிறத்தில் ஷூ போட்டு ஓடியதாக ஊரெல்லாம் பேச்சு. முடிகண்டம் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடி எனக்கு அனுப்பியவன் நீதான். மாலை, பரிசு, மேடை, கட்சிக்காரர்கள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். அப்புறம் சாம்பிளில் நான்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது என்று செய்தி வந்தது. தடை மருந்து எதுவும் எடுத்ததில்லை என்றார் அவர். நான்கு வருடத் தடை, தங்கம் பறிபோனது. மாலை போட்டவர்களில் யாராவது அதற்கப்புறம் அவர் வீட்டுப் பக்கம் போயிருப்பார்களா? நீயும் நானும் அவர் பெயரை எடுக்கவே இல்லையே.

அதே வருடம் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவின் சாம்பிளிலும் டெர்புட்டலின் என்ற தடை மருந்து வந்தது. இருமல் மருந்தில் இருந்தது, தெரியாமல் குடித்துவிட்டேன் என்றார். கிரிக்கெட் போர்டு ஒத்துக்கொண்டது. எட்டு மாதத் தடை, அதிலும் பாதிக்கு மேல் பின்தேதி போட்டுக் கழிந்துவிட்டது. நவம்பரில் பேட்டோடு திரும்பிவிட்டார். நீ உடனே எழுதுவாய், இரண்டும் வேறு வேறு வகை மருந்து, சட்டத்தில் தண்டனையும் வேறு என்று. தெரியும்டா. நான் சொல்வது தண்டனையை அல்ல. ஒருத்தருக்கு விளக்கம் சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தது, வக்கீல் இருந்தார், திரும்பி வந்தால் இடமும் இருந்தது. பெயர் கெடுவதிலும் பணக்காரன், ஏழை உண்டு மாப்ளே.

புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜனை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2006, அதுவும் தோஹா, அதுவும் 800 மீட்டர். செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை வெள்ளி வாங்கியது. பாலினப் பரிசோதனை என்று ஒன்றை வைத்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் செய்த தப்பு என்ன? பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அவரையும் கெட்ட பெயர் எடுத்தவர்கள் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவனைப் பார்த்தால் கடையில் சாமான் கொடுக்காமல் அனுப்பிவிடுவேன்.

சரி, நம்ம கிரிக்கெட் கேப்டனாக இருந்த அசாருதீன், அந்த அசார் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். 1997 ஜனவரி, கேப் டவுன் டெஸ்ட். டவுன் ஹால் ரோட்டில் டிவி கடை வாசலில் நின்று பார்த்தோமே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் ஓடுகிறது, சத்தம் கிடையாது. இந்தியா 58 ரன்னுக்கு 5 விக்கெட். அதற்கப்புறம் சச்சினும் அசாரும் 222 சேர்த்தார்கள். சச்சினின் 169 ஊருக்கே ஞாபகம் இருக்கும். எனக்கு அசாரின் 115-தான். காலர் தூக்கி நிற்கும், தாயத்து வெளியே வந்து ஆடும், ஆஃப் பக்கம் போகிற பந்து மணிக்கட்டு திரும்பியதும் லெக் பக்கம் ஓடும். நீ பஸ்ஸை விட்டாய், நான் அப்பாவிடம் உதை வாங்கினேன்.

எதிரணியான தென்னாப்பிரிக்காவின் கேப்டன் யார்? ஹன்சி குரோனியே. 2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் அவர் ஒரு புக்கியோடு (சூதாட்டத் தரகர்) மேட்சை விற்கப் பேசிய போன் பேச்சை வெளியிட்டதும் முதலில் இல்லை என்றார், நாலு நாளில் பணம் வாங்கியதை ஒத்துக்கொண்டார். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் இதை விசாரித்த கிங் கமிஷன் முன்னால், 1996 கான்பூர் டெஸ்டின்போது தனக்கு ஒரு புக்கியை அறிமுகப்படுத்தியது அசார்தான் என்றார். கான்பூர் எப்போது? நாம் டவுன் ஹால் ரோட்டில் நின்றதற்கு முந்தின மாதம். அசார் மறுத்தார். போர்டு ஆயுள் தடை போட்டது. 99 டெஸ்டோடு நின்றுபோனார். 2012-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது, நீயும் ராஜூவுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தாய். நல்லது, நானும் சாப்பிட்டேன். தீர்ப்பு வருவதற்கு முன்பே மொராதாபாத்காரர்கள் அவரை எம்.பி. ஆக்கியிருந்தார்கள்.

ஆனால் போன மாதம் யூடியூபில் அந்த இன்னிங்ஸைப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு பந்து ஃபீல்டரைத் தாண்டிப் போனால், உண்மையிலேயே அடித்தாரா, விட்டார்களா என்று மனசு கேட்கிறது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. கோர்ட்டும் அசார் பக்கம்தான். இருந்தும் கேட்கிறது. 2006 கால்பந்து உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடான் எதிரணிக்காரரைத் தலையால் முட்டியதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். கோபம் யாருக்கும் வரும். மேட்சை விற்றவன் அப்படி இல்லை, பழையதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் கூட்டத்தில் எனக்குச் சிரிப்பு வருவது குரோனியே டீமில் ஆடிய கிப்ஸை நினைத்துத்தான். நாக்பூரில் 20 ரன்னுக்குள் அவுட் ஆகச் சம்மதித்துவிட்டு 74 அடித்தானே, கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை! (சிரிக்காதே, உன் மஞ்சள் சட்டை டீம் இரண்டு வருடம் தடையில் இருந்தது. 2018-ல் கோப்பையோடு வந்ததும் நீ போட்ட ஸ்டேட்டஸ் எல்லாம் என்னிடம் இருக்கிறது.)

மருந்து சாப்பிட்டு மாட்டுகிறவர்களை நான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சைக்கிள் பந்தயக்காரன் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மாதிரி தெரிந்தே செய்து, கேட்டவன் மேல் கேஸ் போட்டவன் ஒரு பக்கம் இருக்கிறான். இன்னொரு பக்கம் மாஸ்டர் கொடுத்ததைப் பாலில் கலக்கிக் குடிக்கிற பதினேழு வயசுப் பிள்ளை. சட்டமோ, உன் உடம்பில் என்ன இருந்தாலும் நீதான் பொறுப்பு என்கிறது. டப்பாவை நீட்டினவன் தப்பித்தாலும் ஓடினவளின் பெயர்தான் பேப்பரில் வரும். மருந்தின் பெயரைத் தட்டினால் தடை உண்டா என்று சொல்ல நாடாவின் (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) ஆப் ஒன்று இருக்கிறது. லேபிளே இல்லாத டப்பாவுக்கு நான் எதைத் தட்டுவது?

அக்காவிடம் சொன்னேன். "அவர் மனசு கோணினா ஸ்டேட் மீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரா?" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான், அதுதான் கஷ்டம். மீனா நான் சொன்னால் கேட்கமாட்டாள். கடையில் உட்கார்ந்து தொப்பை வளர்த்தவனுக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்பாள். நீ காலேஜில் 400 ஓடியவன். உன் சர்டிபிகேட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். (காற்று தள்ளிவிட்ட கதையை நான் சொல்லவில்லை, பயப்படாதே.) ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு மேல் அவளுக்குப் போன் போடு. பயமுறுத்தாதே. கோமதி கதையைச் சொல், மாஸ்டரைத் திட்டாதே. முட்டை, கடலை, பால், கேப்பைக் கூழ் இதெல்லாம் வைத்தே நீ ஓடினாய் என்று சொல். அது உண்மையும்கூட.

டப்பாவை நான் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் சகலை மருந்துக்கடைக்காரர்தானே, இதை எங்கே கொடுத்துப் பரிசோதிக்கலாம், எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. செலவு என்னுடையது. அக்காவிடம் பவுடரில் எறும்பு ஏறிவிட்டது, கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கேட்டால் நீயும் அதையே சொல்.

அன்புடன்,
செல்வம்
சிம்மக்கல்