ஊசி போட்ட நேரத்தை எழுதி அனுப்புகிறவர்களுக்கு நன்றி

ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் குறைமாத வலியோடு வரும் தாய்மாரைச் சேலத்துக்கு அனுப்பிவைக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் 108 ஊழியர்களுக்கும், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் எங்கள் நன்றி.

முதலில் ரெஃபரல் சீட்டில் இருக்கும் அந்த ஒரு வரிக்கு: "டெக்ஸா 6 மி.கி., தொடையில், காலை 6.40." டெக்ஸா என்பது டெக்ஸாமெத்தசோன், குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. அந்த வரியைப் பார்த்தாலே அடுத்தது மாலை 6.40 என்று தெரிந்துவிடும். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு ஊசி. நேரம் எழுதாமல் வந்தால் ஒன்று கூடிவிடும், அல்லது விட்டுப்போகும். 2 மில்லி குப்பியில் 8 மி.கி. இருக்கிறது, முழுசாக இழுக்காமல் 1.5 மில்லியோடு நிறுத்துகிறீர்களே, அதற்கும் நன்றி. 34 வாரம் நிறையாதவருக்கு முதல் ஊசியை மேலேயே போட்டு, வண்டியையும் தாமதிக்காமல் இறக்கிவிடுவது குழந்தையின் நுரையீரலுக்குப் பெரிய உதவி.

35 வாரத்தில் வருகிறவருக்குச் சட்டென்று போட்டுவிடாமல் போனில் கேட்பது அதைவிடப் பெரிது. "போட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?" என்பார்கள். பிறந்த குழந்தையின் ரத்தச் சர்க்கரை குறையும். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 34 வாரம் தாண்டி, இதே வகை ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோன் போட்டபோது மூச்சுச் சிக்கல் 14.4 சதவீதத்திலிருந்து 11.6 ஆனது, சர்க்கரைத் தாழ்வோ 15லிருந்து 24 சதவீதமாக ஏறியது. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையும் 24 முதல் 34 வாரம் வரைதான்.

முதல் ஸ்கேன் தாளைத் தாயின் கையில் கொடுத்தனுப்பும் கிராம சுகாதார செவிலியர்களே, அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்த வாரக் கணக்கெல்லாம் வீண். எட்டாம் மாத ஸ்கேன் மூன்று வாரம் வரை முன்பின்னாகக் காட்டும்.

பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால் கொடுக்கவைத்து, குல்லா மாட்டி, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் ஆயாம்மாக்களுக்கும் நன்றி. உடம்பு குளிர்ந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும். ஊசி போட்ட தாயின் குழந்தைக்கு முதல் நாள் முழுக்க, ராத்திரியிலும், குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஸ்ட்ரிப் தீராமல் வைத்திருக்கும் மருந்தாளுநர்களே, டப்பா மூடியைத் திறந்தபடி விடாததற்குத் தனி நன்றி. மலை ஈரம் பட்ட ஸ்ட்ரிப் தப்பான எண்ணைக் காட்டும்.