படத்தைப் போடு பிள்ளை

அளம்பில்,
முல்லைத்தீவு.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் சுகம். நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே குறுக்கே கதைத்தபடியால் ஒன்றையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தபால் கந்தோரில் காலத்தைக் கழித்தவள் நான். எழுதினால்தான் எனக்கு யோசனை நேராக வரும்.

ரொறன்ரோவில் உங்கள் சங்கத்தில் படம் காட்டுகிற நாளுக்கு பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர'வைப் போடலாம் என்று நீ சொன்னாயாம். இரண்டு மூன்று பேர் எழும்பி, அது சிங்கள இயக்குநரின் படம், செத்த ஆமிக்காரனுக்காக எங்களை அழச் சொல்கிற படம், வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரை அவமதிக்கிற வேலை என்றார்களாம். நீயும் "என்ர அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்று விட்டாயாம். சரி, கேட்டாய். சொல்கிறேன்.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன் பிள்ளை. உனக்குத் தெரியாது. தம்பி லப்ரொப்பில் போட்டு, சிங்களத்துக்கு அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். 1997இல் எடுத்தது. காய்ந்துபோன குளத்து ஊர் ஒன்று, மரங்கள்கூட எங்கள் பக்கத்து மரங்கள்தான். கண் தெரியாத ஒரு கிழவன். மகன் ஆமியில். மகனின் உடம்பு என்று மூடி முத்திரை வைத்த பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது, திறக்கக்கூடாது என்கிறார்கள். ஊரே அழுது அடக்கம் செய்கிறது. கிழவன் மட்டும் நம்பவில்லை. நட்டஈட்டுக் கடதாசியில் ஒப்பம் வை, கடன் இருக்கிறது, மகளின் கலியாணம் இருக்கிறது என்று கந்தோர்க்காரரும் ஊர்க்காரரும் நெருக்குகிறார்கள். கிழவன் வைக்கவில்லை. கடைசியில் தானே போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறான். பெட்டிக்குள் வாழைத்தண்டும் கல்லும்தான்.

2017 மார்ச்சில் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டப் பந்தல் போட்டு இருந்தபோது நானும் உன் அண்ணாவின் படத்தோடு போய் இருந்தது உனக்குத் தெரியும். அதற்கு முதல் மாதமே கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிவிட்டார்கள். பிறகு 2022இல் காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கிறது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். ஒரு லட்சத்துக்கு வழியில்லாத வீடுகளிலும் வேண்டாம் என்றார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டால் காசை நீட்டுகிறவனுக்கு வேறு என்ன சொல்கிறது? அந்தக் கிழவன் ஒப்பம் வைக்கமாட்டேன் என்கிற இடத்தில் நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். தம்பி படத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து மிச்சத்தையும் பார்த்தேன்.

அந்தக் கிழவனின் மகன் ஆமிக்காரன்தான். எங்களைச் சுட வந்தவர்களில் ஒருவன்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்கச் சொல்லி அந்தப் படமும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் பந்தலில் நாங்கள் சொன்ன கதையை ஒரு சிங்களவன் இருபது வருடம் முந்தியே சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அதைப் பார்த்தால் நான் அவமானப்பட்டுப்போவேன் என்று ரொறன்ரோவில் இருக்கிற ஒருவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லு. அந்தப் படத்தை முதலில் தடுத்தது கொழும்பு. 2000ஆம் ஆண்டில், போர் நடக்கிற நேரத்தில் இது கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியது. அந்த மனுசன் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் அடுத்த வருடம் வென்றுதான் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். பிறகு 2014இல் அவருடைய இன்னொரு படம், ஒரு தமிழ்ப் பெட்டைக்கும் முந்தி ஆமியில் இருந்த சிங்களவனுக்கும் நடுவிலான கதை, சென்னையில் ஓட இருந்து மிரட்டலால் நின்றது. கொழும்பிலும் அடி, சென்னையிலும் அடி. இப்போது நீங்களும் ஒன்று வைக்கப் போகிறீர்கள்.

"விதானகே நல்லவர், சரி. கெட்ட அரசியல் உள்ளவனின் படம் என்றால் என்ன செய்வாய்?" என்று யாராவது உன்னை மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்குக் காமினி பொன்சேகா ஞாபகம் வருகிறார். சிங்களச் சினிமாவின் பெரிய கதாநாயகன். 1979இல் வந்த 'சருங்கலே'யில் நடராஜா என்கிற யாழ்ப்பாணத்துக் கிளாக்கராக நடித்தார், தமிழ் பேசி நடித்தார். கலவரத்தில் தமிழனுக்கு என்ன நடந்தது என்பதைச் சிங்களச் சனம் தங்கள் கதாநாயகனின் உடம்பில் பார்த்தது. அதே மனுசன் 1995இலிருந்து 1998 வரைக்கும் வடக்குக் கிழக்கு ஆளுநர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தை வன்னிக் காட்டுக்குள் ஏந்தினதும், கிளிநொச்சி ஆமியிடம் விழுந்ததும், ஜெயசிக்குறு என்று பேர் வைத்து ஆமி வன்னிக்குள் சண்டைக்கு வந்ததும், மருந்தில்லாமல் பிள்ளைகள் மலேரியாவில் கிடந்ததும் அந்தக் காலத்தில்தான். போர் நடத்தின அரசாங்கம் கொடுத்த கதிரையில் அவர் இருந்தார். அந்தக் கதிரைக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. நடராஜாவை அதற்காகக் கொல்லவும் மாட்டேன். நடித்து முடிந்த பிறகு நடராஜா அவருடைய சொத்து இல்லை, பார்த்தவர்களுடையது.

இதெல்லாம் எனக்குச் சுகமாக வந்த எண்ணம் என்று நினைக்காதே. எங்கள் வீட்டிலேயே இது தலைகீழாகவும் நடந்தது. உன் அம்மப்பாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் சாமி. கண்டிப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தவர், எங்கட ஆள் என்று சொல்லிக்கொண்டு திரிவார். முதலமைச்சராக இருந்து புலிகள் இயக்கத்துக்குக் காசு கொடுத்தவர் என்பதால் வீட்டில் படம் மாட்டி வைத்திருந்தார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். செத்தபோது விம்மி விம்மி அழுதார். அந்த நேரம் வெளியே ரோட்டில் இந்தியன் ஆமி. இயக்கத்தோடு அவர்கள் சண்டை தொடங்கி மூன்று மாதமாகவில்லை. அவருடைய படத்தையும் அரசியலையும் பிரித்துப் பார் என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் பிரிக்கவில்லை. அரசியல் எங்களுக்குச் சாதகமாக இருக்கும்வரை பிரிக்கிற தேவை வருகிறதில்லை பார்.

இப்போது உன் அப்பா. விஜய் படம் ரிவியில் போனால் சோற்றுக் கோப்பையோடு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுவிடுவார். நடனத்துக்குத் தாளம் வேறு. 2025 ஆகஸ்டில் மதுரையில் தன் கட்சி மாநாட்டில் விஜய், கச்சதீவை மீட்டுத் தரச் சொல்லிப் பிரதமரைக் கேட்டார் அல்லவா, அன்றைக்கு அதே கதிரையில் இருந்து அப்பா பேசின பேச்சை எழுத என் கை கூசுகிறது. திங்கள், புதன், சனி இரவில் எங்கள் கடலில் தமிழ்நாட்டு றோலர்களின், அந்த இழுவைப் படகுகளின், வெளிச்சம் வரிசையாகத் தெரியும், நீ பார்த்திருக்கிறாய். இழுவை மடி போடக்கூடாது என்று 2017இல் இங்கே சட்டமே வந்துவிட்டது. வெளிச்சம் குறையவில்லை. அப்பாவின் வலை போன மாரியில் துண்டாகித் திரும்பி வந்தது, மீன் விற்று அடைக்க இருந்த கடன் அப்படியே நிற்கிறது. 2021 ஒக்ரோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைவரை படகில் ஊர்வலம் போனார்களே, அதில் அப்பாவும் போனார். அந்தக் கரையிலிருந்து வந்து எங்கள் நேவியிடம் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறவனும் கூலிக்காரத் தமிழன்தான் என்பதையும் அவரே சொல்வார். ஆனால் இதில் எதையும் அறியாமல் மேடையில் ஒருவர் கடலைப் பற்றிப் பேசினால் கடல்காரனுக்குப் பற்றி எரியாதா?

அடுத்த கிழமையே விஜய் படம் ஒன்று வந்தது. அப்பா பார்த்தார். "என்னப்பா, அண்டைக்கு அவ்வளவு பேசினியள்?" என்றேன். "நடிக்கத் தெரிஞ்சவனுக்குக் கடல் தெரியவேணும் எண்டு சட்டமோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா சொன்னதில் பாதிதான் சரி. நடிகனுக்குக் கடல் தெரியத் தேவையில்லை. படத்தில் சேர்த்த அன்பை வாக்காக மாற்ற வருகிறவனுக்குத் தெரியவேண்டும். அண்ணாத்துரை, கருணாநிதி காலத்திலிருந்து அங்கே சினிமாவும் கட்சியும் ஒரே சீலையின் இரண்டு கரை. படத்தை மட்டும் பார்க்கிறேன் என்று அப்பா சொல்கிறார், அவர் அந்த நாட்டில் வாக்குப் போடாதவர் என்பதால் சொல்ல முடிகிறது.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. 2017 ஏப்ரலில் ரஜினிகாந்த் வவுனியாவுக்கு வர இருந்தார். லைக்கா நிறுவனத்தாரின் அறக்கட்டளை கட்டின 150 வீடுகளைச் சனத்துக்குக் கொடுக்கிற நிகழ்ச்சி. திருமாவளவன், வைகோ, வேல்முருகன் எல்லாரும் போகக்கூடாது என்றார்கள். வந்தால் இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அரசாங்கம் படம் காட்டும் என்பது அவர்களின் வாதம். அது பிழையான வாதமும் இல்லை, அப்படிக் காட்டித்தான் இருப்பார்கள். அவர் பயணத்தை நிறுத்தினார். ஓலைக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்குப் போகக் காத்திருந்த சனத்திடம், அவர் வரலாமா என்று சென்னையில் யார் கேட்டார்கள்? ரஜினியை வன்னியில் பார்க்க ஆசைப்பட்டது குற்றமா? போரில் எல்லாவற்றையும் இழந்த சனம் ஒரு நாள் பிராக்குப் பார்க்கவும் அனுமதி எடுக்கவேண்டும் போல.

2020இல் கிரிக்கெட்காரர் முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்கிற படம். விஜய் சேதுபதி நடிக்கப் போகிறார் என்றதும் எனக்கும் நெஞ்சு கரித்தது, பொய் சொல்லமாட்டேன். 2009தான் தன் வாழ்க்கையில் மிகச் சந்தோசமான வருடம் என்று முரளி சொன்ன வார்த்தை எனக்குள் முள்ளாக இருந்தது. போர் நின்றதைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கினார், அந்த விளக்கத்தையும் வாசித்தேன், முள் போகவில்லை. மலையகத்துப் பிள்ளை அந்த இடத்துக்கு வந்த பாடும் எனக்குத் தெரியும், அதுவும் சேர்ந்துதான் மனதில் கிடக்கிறது. கடைசியில் முரளியே கேட்டுக்கொள்ள சேதுபதி விலகினார், படம் வேறு நடிகரோடு 2023இல் வந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அது என் நெஞ்சோடு முடிகிற விசயம். ஆனால் அந்த நாட்களில் ஒருவன் சேதுபதியின் சின்ன மகளைப் பற்றி ட்விற்றரில் எழுதின அசிங்கத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிரட்டுகிறது. சென்னையில் பொலிஸ் வழக்குப் போட்டது. ஈழத்துக்காகப் பேசுகிறோம் என்று நடந்த கூத்தில்தான் அதுவும் வந்தது. பிள்ளையைத் தேடுகிற தாய்மாரின் பெயரால் இன்னொருத்தியின் பிள்ளைக்கு மிரட்டல்.

ஆகையால் உன் சங்கத்தில் சொல்ல வேண்டியது இதுதான். பார்க்கப் பிடிக்காதவர் பார்க்காமல் இருக்கட்டும், அவருக்கு அதற்கு உரிமை இருக்கிறது, காரணமும் கேட்கவேண்டாம். முரளி படத்துக்கு நான் செய்ததும் அதுதான். அந்த ஒரு படத்தை இழக்கிறவர் அவராகவே இருக்கட்டும். அடுத்தவன் பார்க்கிறதை நிறுத்துவதற்கு வன்னித் தாய்மாரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். தாய்மாருக்கு வாய் இருக்கிறது, போனும் இருக்கிறது.

படத்தைப் போடு. ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிகள் வருவார்கள், தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடு, கதையின் முடிவை மட்டும் அதில் எழுதிவிடாதே. முடிந்த உடனே லைற்றைப் போட்டுப் பேச்சாளரை மேடையில் ஏற்றாதேயுங்கள், உங்கள் சங்கத்துக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. எதிர்த்தவர்களை நேரில் போய்க் கூப்பிடு, வட்ஸ்அப்பில் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அதில் யாராவது 2009இல் பிள்ளையை விட்டவராக இருந்தால் அவரோடு வாதாடாதே. என் நம்பரைக் கொடு, நான் கதைக்கிறேன்.

அப்பாவுக்குக் கச்சதீவு பற்றி நான் எழுதினதைச் சொல்லிவிடாதே, இன்னும் ஒரு கிழமைக்கு அதே பேச்சாக இருக்கும். குளிருக்குக் கவனம். ஞாயிற்றுக்கிழமை எடு, இங்கே பின்னேரமாகப் பார்த்து எடு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா