ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. என் கழுத்து வலி முன்னைக்கு இப்போது தேவலை. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி வேலைதான் கூடிக்கொண்டே போகிறது.

சரி, உன் முதுகுவலி மருந்து ஆய்வுக்கு வருகிறேன். எல்லாத் தரப்பு நோயாளிகளையும் சேர்க்கச் சொல்கிறார்கள், ஆனால் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை படித்தேன். அவர்கள் வரவில்லை என்பதைவிட, நாம் அவர்களை முன்கூட்டியே வெளியே நிறுத்திவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

யாரையெல்லாம் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலைப் பார். 65 வயதுக்கு மேல் கூடாது, மனச்சோர்வு கூடாது, வேறு எங்கும் வலி இருக்கக் கூடாது. நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களில் இது எதுவுமே இல்லாதவர்கள் எத்தனை பேர்? மனச்சோர்வும் தூக்கமின்மையும் வலியோடு ஒட்டிக்கொண்டே வருபவை. நாளைக்கு மருந்து விற்பனைக்கு வந்தால் இவர்கள்தான் அதை விழுங்கப்போகிறார்கள். எந்த நிபந்தனை நோயாளியின் பாதுகாப்புக்காக வைத்தது, எது பழைய திட்டம் ஒன்றிலிருந்து அப்படியே நகலெடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார். இரண்டாவது வகையைத் தயங்காமல் அடித்துவிடு.

விதவிதமான ஆட்கள் ஏன் வேண்டும் என்று உன் மேலதிகாரி கேட்டால் கோடீன் என்ற வலிமருந்தைச் சொல். கல்லீரலில் இருக்கும் ஒரு நொதிதான் அதை வலியை அடக்கும் மார்பினாக மாற்றுகிறது. சிலருக்கு அந்த நொதி வேலையே செய்யாது, அவர்களுக்கு வலியும் குறையாது. வேறு சிலருக்கு அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்து மார்பினைக் கூட்டிவிடும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகள் சிலர் இப்படித்தான் மூச்சுத் திணறி இறந்தார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றது. இந்த வேக வகையினர் வட ஆப்பிரிக்காவிலும் எத்தியோப்பியாவிலும் அதிகம், கிழக்கு ஆசியாவில் மிகக் குறைவு. ஒரே மாதிரி ஆட்களை வைத்து நடத்தும் ஆய்வில் இதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பகட்ட ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் எஃப்.டி.ஏ சொன்னது, 1993 வரை மாறவில்லை. நாள்பட்ட வலி ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்பதை நினைத்துப் பார்.

நம்பிக்கையில்லை, அதனால் வருவதில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில் ஆய்வு என்ற பெயரில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே வேடிக்கை பார்த்தது யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் வலியில் இன்னொரு காயமும் இருக்கிறது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப்பேர் உண்மை என்று நம்பியிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி யாரும் நம்பாமல் சலித்துப்போனவரிடம்தான் நீ போய், உங்கள் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுங்கள் என்று கேட்கப்போகிறாய். வலி ஆய்வில் அளவுகோலே அவர் வாய்ச்சொல்தான். அந்தச் சொல்லை மதித்துக் கேட்கத் தெரிந்த ஒருவரை முதல் சந்திப்பில் உட்கார வை. நோயாளியின் மொழி பேசுகிறவர் ஒப்புதல் படிவத்தோடு போய்விடாமல் கடைசிச் சந்திப்புவரை கூட இருக்கட்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. ஆய்வு தொடங்கும்முன் பழைய வலிமருந்தை நிறுத்திவைக்கச் சொல்கிறீர்கள் அல்லவா? அலுவலகத்தில் விடுப்பு போடக்கூடியவர் அதைத் தாங்கிக்கொள்வார். மூட்டை தூக்குகிறவர், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், அந்த மாத்திரை இல்லாமல் வேலைக்கே போக முடியாது, கூலியும் போய்விடும். அவர் மறுப்பதைத் தயக்கம் என்று குறிப்பேட்டில் எழுதாதே. நிறுத்தும் காலத்தைக் குறைக்க முடியுமா பார். தாங்க முடியாமல் போனால் எடுத்துக்கொள்ள எந்த மருந்து தருவீர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் மருந்தில்லாத வெறும் மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையெல்லாம் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடு. பயணச் செலவையும் இழந்த கூலியையும் கணக்கில் சேர். மாலையிலும் விடுமுறை நாளிலும் சந்திப்பு வை. தினமும் செயலியில் வலியைப் பதியச் சொல்வதற்குப் பதில் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

செலவு கூடும்தான். அதை இப்போதே பட்ஜெட்டில் கேட்டு வாங்கு, பாதியில் கேட்டால் தரமாட்டார்கள். திருத்திய திட்டத்தைக் கமிட்டிக்கு அனுப்பும்முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அந்தச் சேர்க்கக் கூடாதோர் பட்டியலை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி