டைப்பிங் கடை அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

போலீஸ் கூட்டிப்போன என் தம்பி ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று இரவு அம்மா பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், இதை எழுதும்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறான். நடந்தது என்னவென்று எங்கள் தெருவுக்கும், அவனோடு வேலை செய்பவர்களுக்கும் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இன்னும் ஒரு நாளைக் கடத்தவும் மனம் வரவில்லை.

முதல் நன்றி, நீதிமன்றத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எஸ்.பி.க்கு ஒரு மனு அடிக்கத்தான் நானும் சித்தப்பாவும் அங்கே போனோம். பையன் நல்லவன், குடும்பம் ஏழைக் குடும்பம், கருணை காட்ட வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே போனார். இரண்டு வரி அடித்தவர் கையை எடுத்துவிட்டார். "ஏங்கண்ணு, தம்பிய எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" சாயங்காலம் என்றேன். "சாயங்காலம்னா? யாரு பாத்தா?" குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருந்தார். அவருக்குப் போன் போட்டுக் கேட்டோம். ஆறே கால். "இதுதான் மொத வரியில வரணும். கருணையெல்லாம் அப்புறம்."

அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவுப்படி, கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். எங்களிடமோ நிலையத்தில், "கைது இல்லை, சும்மா விசாரிக்கத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லும் வரை கடிகாரமே ஓடாது என்பது அவர்கள் கணக்கு. கூட்டிப்போன நேரமும் பார்த்த சாட்சியும் எழுத்தில் ஏறிவிட்டால் அந்தப் பேச்சு நிற்காது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். இந்த மாதிரி மனுக்களை அடித்து அடித்தே தெரிந்துகொண்டிருக்கிறார். முன்பு ஆளைக் கூட்டிப்போனதுமே சொந்தக்காரர்கள் தபால் ஆபீசுக்கு ஓடித் தந்தி கொடுப்பார்களாம். தந்தியில் நேரம் பதிவாகிவிடும், பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. 2013-ல் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. எஸ்.பி.க்கும், மாஜிஸ்ட்ரேட்டுக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எங்கள் மனுவை அவரே அனுப்பிவிட்டு, பதிவுத் தபாலும் போடச் சொன்னார்.

மனுவில் டி.கே. பாசு என்று ஒரு பெயர் இருந்தது. வக்கீல் என்று நினைத்தேன். பிறகுதான் தேடிப் படித்தேன். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்தவர். காவலில் மக்கள் சாவதைப் பற்றிச் செய்தித்தாள்களில் வந்ததைக் காட்டி, 1986-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1996-ல் வந்த தீர்ப்பில்தான், கைது செய்தால் நேரமும் தேதியும் போட்டுக் குறிப்பாணை எழுத வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் வந்தது. யாரோ ஒருவர் எழுதிய கடிதம் இத்தனை வருஷம் கழித்து என் தம்பிக்குத் துணையாக வந்திருக்கிறது. இதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

வக்கீலுக்குப் பணம் புரட்ட வளையலை விற்கப் போகிறேன் என்றேன். அந்த அம்மா எழுந்து, பக்கத்துக் கடைப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களையும் காக்கவைத்துவிட்டு, எங்களை வளாகத்துக்குள் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே கூட்டிப்போனார். நாங்கள் தனியாகப் போயிருந்தால் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருப்போம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அப்படித்தான். யாரும் போடும் பிச்சை இல்லை, நமக்கு உரியது. மனு அடித்ததற்கு எல்லோரிடமும் வாங்கும் கூலியைத்தான் எங்களிடமும் வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என ஊரில் சொல்வதை இனி யாரும் என் முன்னால் சொல்ல வேண்டாம். எங்களுக்கு வந்த வக்கீல் அம்மா, ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட்டிடம் கேட்பதற்கு, முன்பே தம்பியிடம் தனியாகப் பேசினார். உடம்பில் இருந்த காயங்களை மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். ஜாமீனும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கும், நேரம் பார்த்துச் சொல்லிவிட்டு "சாட்சிக்கு வருவேன்" என்று இன்றுவரை சொல்லைக் காப்பாற்றும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்ட இருவருக்கும், சம்பளத்தைப் பிடிக்காத மேஸ்திரிக்கும், பயந்துபோயிருந்த அம்மாவோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

வழக்கு இன்னும் முடியவில்லை. காயங்களுக்குப் பதில் கேட்கப் போகிறோம், பின்வாங்க மாட்டோம். ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களை எடுப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது நான் விண்ணப்பம் போடுகிறேன். அதுவரை, நம் தெருவில் யார் வீட்டுக் கதவையாவது ராத்திரியில் தட்டினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது. எந்த நேரமானாலும் நான் வருகிறேன்.