டிராகன் குவெஸ்டுக்கு ஒரே ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்த விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் பயணிக்கும் கேம், என்று வந்ததும் கட்டுரையாளர் நேராக 1987 டிசம்பரில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸிக்குப் போய்விட்டார். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1986 மே 27 அன்று வெளிவந்து அந்த வகையையே ஜப்பானிய வீடுகளுக்குள் கொண்டுபோன டிராகன் குவெஸ்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அந்த வரியிலும் ஒரு பிழை.

பள்ளி நாட்களில் இந்த கேமை வெளியிடக் கூடாது என்று ஜப்பான் அரசு சட்டம் போட்டதாக எழுதியிருக்கிறார். பல இடங்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் கதை இது. அப்படி ஒரு சட்டமே கிடையாது. நடந்தது வேறு. மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை விற்பனைக்கு வந்தது. கடைகளின் முன்னால் நீண்ட வரிசை. முதல் நாளிலேயே சுமார் 10 லட்சம் கேசட் விற்றுப்போனது. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து நின்ற நூற்றுக்கணக்கான மாணவர்களைப் போலீஸ் பிடித்தது. வாங்கிக்கொண்டு போன சிறுவர்களை மடக்கி கேசட்டைப் பறித்தவர்களும் உண்டு. நாடே இதைப் பேசியது. அதன்பிறகு கேமை வெளியிடும் எனிக்ஸ் நிறுவனம் தானாகவே வெளியீட்டு நாளை விடுமுறையில் வைத்துக்கொண்டது. நான்காம், ஐந்தாம் பாகங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தன. ஆறு முதல் ஒன்பது வரை எல்லாம் சனிக்கிழமை. பத்தாவது மட்டும் 2012 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை வந்தது, அதுவும் கோடை விடுமுறைக் காலத்தில்தான்.

பிழையைக்கூட விட்டுவிடலாம். இந்தத் தொடர் எதனால் முக்கியம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆற்றாமை.

இதை வடிவமைத்த யூஜி ஹோரி அடிப்படையில் பத்திரிகைக்கு எழுதுகிறவர். எனிக்ஸ் 1982-இல் நடத்திய கேம் உருவாக்கும் போட்டியில் அவரும் கோயிச்சி நாகாமுரா என்ற இளைஞரும் பரிசு பெற்றார்கள். அதன் தொடர்ச்சியாக அமெரிக்கா போனபோது, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சியில் விசார்ட்ரி என்ற கேமைப் பார்த்து அசந்துபோனார்கள். விசார்ட்ரியும் அதே வகையைச் சேர்ந்த அல்டிமாவும் விலையுயர்ந்த கணினி வைத்திருந்த பெரியவர்களுக்கான கேம்கள். தடிமனான கையேட்டைப் படிக்காமல் உள்ளே நுழையவே முடியாது. ஹோரி செய்ய நினைத்ததோ வீட்டு டிவியில் மாட்டும் ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் பெட்டிக்கு. அதைக் கையில் எடுக்கப்போகும் சிறுவனுக்கு ரோல் பிளேயிங் என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் பாகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அரசரின் முன்னால் ஒரு பூட்டிய அறையில் நிற்கிறோம். அறையில் மூன்று பெட்டிகள். திறந்தால் கொஞ்சம் பணம், ஒரு தீப்பந்தம், ஒரு சாவி. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கினால்தான் வெளியுலகம். அதற்குள் பேசுவது, எடுப்பது, திறப்பது, இறங்குவது என்று எல்லாக் கட்டளைகளும் விரலுக்குப் பழகிவிடும். பாடம் நடத்தப்பட்டதே தெரியாது. கோட்டையை விட்டு வெளியே வந்து சில அடி நடந்ததுமே, தண்ணீருக்கு அக்கரையில் இறுதி எதிரியின் கோட்டை தெரிகிறது. போக வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே கண்ணெதிரே இருக்கும். போய்ச்சேரப் பல வாரங்கள் ஆகும். வழியில் செத்தால் மீண்டும் அரசரின் முன்னால்தான் எழுவோம். கையிலிருந்த பணத்தில் பாதி போய்விடும். ஆனால் சண்டையிட்டுப் பெற்ற, நம்மை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். கைவேகம் இல்லாத பிள்ளைகூடப் பொறுமையாக உட்கார்ந்தால் ஜெயிக்கலாம். இந்த ஒரு முடிவுக்காகவே ஹோரியைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

இவ்வளவையும் அடக்கியது வெறும் 64 கிலோபைட்டில். இடம் போதாததால் ஜப்பானிய கட்டகனா எழுத்துகளில் சுமார் 20-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அரக்கர்களின் பெயர்களையும் மந்திரங்களின் பெயர்களையும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே உருவாக்கினார்கள். பக்கவாட்டில் நடந்தாலும் நாயகனின் முகம் நம்மைப் பார்த்தே இருக்கும். திரும்பும் படங்களைச் சேர்க்க இடமில்லை. மூன்றாம் பாகத்தில் முகப்புப் படத்தையும் முகப்பு இசையையும்கூட வெட்டிவிட்டு, கறுப்புத் திரையில் பெயரை மட்டும் போட்டார்கள்.

தொடரின் ஓவியர் அகிரா தோரியாமாவை டிராகன் பால் படக்கதை மூலம் எல்லோருக்கும் தெரியும். ஹோரி சேற்றுக் குவியல்போல ஒரு அரக்கனைக் கிறுக்கிக் கொடுத்தார். தோரியாமா அதை நீர்த்துளி வடிவத்தில் சிரித்த முகமாக்கித் திருப்பித் தந்தார். இன்றுவரை தொடரின் அடையாளம் ஸ்லைம் என்ற அந்த அரக்கன்தான். 2024 மார்ச்சில் தோரியாமா மறைந்தபோது அஞ்சலிகளில் டிராகன் பால் நாயகன் கோக்குவுக்குப் பக்கத்தில் அந்த நீலத் துளியும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா வந்து சேர்ந்த விதம், வாசகர் கடிதம் எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு உற்சாகம் தருவது. டிவிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் வாங்கியிருந்த அவர், எனிக்ஸின் ஷோகி (ஜப்பானிய சதுரங்கம்) கேம் ஒன்றை விளையாடிவிட்டு, பெட்டிக்குள் இருந்த கருத்துக் கேட்பு அட்டையை எழுதினார். அது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இவரா எழுதியிருக்கிறார் என்று வியந்து அவர்கள் தொடர்புகொண்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. 1987-லேயே டோக்கியோவில் முழு இசைக்குழுவை வைத்து டிராகன் குவெஸ்ட் கச்சேரி நடத்தினார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து நுழைந்தபோது முதலில் ஒலித்தது அவருடைய டிராகன் குவெஸ்ட் முகப்பு இசைதான். அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடானது அல்ல. 1937-இல் ஜப்பானிய ராணுவம் சீனாவில் நடத்திய நான்ஜிங் படுகொலையை மறுத்தவர்களில் அவரும் ஒருவர். அவரைப் பாராட்டி எழுதும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் சேவ் செய்யும் வசதி இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து தொடர, திரையில் வரும் கடவுச்சொல்லை நோட்டில் எழுதிவைத்து மறுநாள் மீண்டும் கொடுக்க வேண்டும். அது 52 எழுத்துகள் வரை நீளும். மங்கலான டிவியில் ஓர் எழுத்தின் மூலையில் இருப்பது இரண்டு சிறு கோடா, குட்டி வட்டமா என்று தவறாகப் படித்தால் அத்தனை உழைப்பும் போச்சு.

நான்காம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் நாம் தோர்னெக்கோ என்ற குண்டு மனிதர். ஆயுதக் கடையில் கூலிக்கு வேலை. காலையில் மனைவி சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். போய்க் கல்லாவுக்குப் பின்னால் நின்று, வருகிற வீரர்களுக்கு வாள் விற்று, மாலையில் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அதுவரை எல்லா கேமிலும் வாங்க வருகிறவராகவே இருந்த நம்மை, 1990-இல் ஹோரி கல்லாவின் மறுபக்கம் நிறுத்தினார்.

ஐந்தாம் பாகம் எனக்கு எல்லாவற்றிலும் மேலானது. தந்தை பாபாஸின் பின்னால் நடக்கும் சிறுவனாகத் தொடங்குகிறோம். சண்டை முடிந்ததும் கேட்காமலேயே அவர் நம் காயத்தை ஆற்றுவார். ஒருநாள், மகனின் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டிருப்பதால் திருப்பி அடிக்காமல் நின்றே அவர் உயிரை விடுகிறார். பிறகு பத்தாண்டு அடிமை வாழ்வு. தப்பி வந்து அரக்கர்களை நண்பர்களாகச் சேர்த்துக்கொள்கிறோம். போக்கிமானுக்கு மூன்று ஆண்டுக்கும் மேல் முன்பு இது. அடுத்து கல்யாணம். சிறுவயதுத் தோழி பியாங்காவா, செல்வந்தர் மகள் ஃபுளோராவா? ஜப்பானில் இன்றும் முடியாத வழக்கு. கதையின் உச்சம் அதற்கும் பிறகு. புராணம் சொன்ன நாயகனால் மட்டுமே ஏந்த முடிகிற வாளை நாம் ஏந்திப் பார்க்கிறோம், முடிவதில்லை. அந்த நாயகன் நம் மகன். நமக்கு வாய்த்த வேலை அவனுக்குத் தகப்பனாக இருப்பது. 1992-இல் ஒரு கேம் இதைச் சொல்லியிருக்கிறது, ஐயா.

பிறகு ஏன் ஜப்பானுக்கு வெளியே அதிகம் தெரியவில்லை என்று கேட்கலாம். முதல் பாகம் 1989-இல் அமெரிக்கா போனபோது, அதே பெயரில் ஏற்கெனவே வேறொரு விளையாட்டு இருந்ததால் டிராகன் வாரியர் என்று மாற்ற வேண்டியிருந்தது. எதிர்பார்த்த விற்பனை இல்லாமல், மிஞ்சிய கேசட்டுகளை நிண்டெண்டோ தன் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. ஐந்தாம் பாகம் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வர 2009 ஆனது. நம்மூரில் தொண்ணூறுகளில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகளுக்கும் ஜப்பானிய எழுத்து நிறைந்த இந்த கேம் சரிப்பட்டிருக்காது. இன்று அந்தத் தடை இல்லை. 2017-இல் வந்த பதினோராம் பாகம் ஆங்கிலத்தில் கணினியிலேயே கிடைக்கிறது. மூன்றாம் பாகமும் 2024-இல் புது வடிவில் வந்துவிட்டது. அதன் முடிவு முதல் இரு பாகங்களையும் எப்படித் தொடுகிறது என்பதை இங்கே சொல்லி யாருடைய சுகத்தையும் கெடுக்க விரும்பவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தச் சட்டம் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மாணவர்கள் உங்கள் கட்டுரைகளை வெட்டிவைத்துக்கொள்கிறார்கள். முடிந்தால் அதே கட்டுரையாளரிடமே டிராகன் குவெஸ்ட் பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள். நன்றாக எழுதுகிறவர், ஐந்தாம் பாகத்தை ஒருமுறை விளையாடிவிட்டு எழுதினால் போதும்.

அன்புடன்,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
திருச்சி